எழுபதுக்குப் பின் எந்த அட்டை?

சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றி எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில், மாலை வேளையில் முதியவர்கள் கூடி அமர்ந்திருப்பதைக் காணலாம். அவர்களில் பலர் தென்மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளோடு வசிக்க வந்தவர்கள். மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று நான் கேட்கும்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "பையன் கம்பெனியில் எங்களையும் சேர்த்திருக்கிறான்."

அந்தப் பதிலில் உள்ள நிம்மதிதான் எனக்குக் கவலையளிக்கிறது. நிறுவனம் வழங்கும் குழுக் காப்பீடு வேலை இருக்கும்வரை மட்டுமே. மகன் வேலையை விட்டாலோ, ஆள்குறைப்பில் வெளியேற்றப்பட்டாலோ பெற்றோரின் பாதுகாப்பும் அத்துடன் முடிந்துவிடும். எழுபது வயதில் இருப்பவரின் மருத்துவச் செலவு, முப்பத்தைந்து வயதுக்காரரின் பணி அடையாள அட்டையில் தொங்கிக்கொண்டிருப்பது சரியன்று. முதியவருக்கு அவர் பெயரிலேயே ஓர் உரிமை வேண்டும். அரசுத் திட்டங்களில் அதற்கு வழி இருக்கிறது. எந்த வழி என்பதை வயது, வருமானம், பார்த்த வேலை ஆகிய மூன்றும் முடிவு செய்கின்றன.

முதலில் வயது. எழுபது நிறைந்த எவரும், வருமானம் எவ்வளவாக இருப்பினும், மத்திய அரசின் 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டைக்குத் தகுதி பெறுகிறார். 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்ட இந்த ஏற்பாட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனை சிகிச்சைக்குக் காப்பு உண்டு. இது ஆளுக்கு 5 லட்சம் அன்று. ஒரே குடும்பத்தில் கணவன், மனைவி இருவரும் எழுபதைக் கடந்திருந்தால் இருவருக்கும் சேர்த்தே இத்தொகை. ஏற்கெனவே உள்ள நீரிழிவு, இதய நோய் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் இல்லை. தனியார் காப்பீடு வைத்திருப்பவரும் இதைப் பெறலாம். ஆதார் எண்ணே இதற்கு அடிப்படை. வயதும் அதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. நம் முதியவர்கள் பலருக்கு ஆதாரில் பதிவான பிறந்த ஆண்டு உத்தேசமானது. அதில் பிழை இருந்தால் உரிய சான்றுடன் இப்போதே திருத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது வருமானம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், தமிழக அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். இதற்கு வயது வரம்பு இல்லை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இப்பெயருக்கு மாறி, 2018-இல் மத்தியத் திட்டத்துடன் இணைக்கப்பட்ட இதிலும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு கிடைக்கிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தை அணுக வேண்டும். சிறுசேரியில் இருப்பவர்களுக்கு அது செங்கல்பட்டில் உள்ளது. சொந்த ஊரில் தனிக் குடும்ப அட்டை வைத்திருக்கும் பெற்றோர், பிள்ளையின் குடும்ப அட்டைக்குப் பெயரை மாற்றுமுன் ஒருமுறை யோசிக்க வேண்டும். மாற்றினால் பிள்ளையின் வருமானமும் கணக்கில் வரக்கூடும்.

மூன்றாவது, பார்த்த வேலை. மாநில அரசு ஓய்வூதியருக்குத் தனிக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. மத்திய அரசு ஓய்வூதியருக்கு மத்திய அரசு சுகாதாரத் திட்டமும், முன்னாள் படைவீரருக்கு அவர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டமும் உண்டு. இவ்விரு பிரிவினரும் எழுபது வயதில் பழைய திட்டத்தையோ வய வந்தனாவையோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே அவசரம் கூடாது. அவர்களது பழைய திட்டங்கள் வெளிநோயாளி ஆலோசனையையும் மாத்திரைகளையும் தருகின்றன; வய வந்தனா மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையையே முதன்மையாகக் கொண்டது.

பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. இதே பூங்காவின் கட்டடங்களில் காவல், துப்புரவுப் பணி செய்து ஓய்வு பெறுவோரில் பலர் ஈ.எஸ்.ஐ. சந்தா செலுத்தியவர்கள். குறைந்தது ஐந்தாண்டுகள் காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது வேலை கொடுத்தவர்களின் கடமை.

எந்த அட்டையாயினும் சில எல்லைகள் உண்டு. பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கே அது பயன்படும். எனவே அவசரம் வருமுன்பே, வீட்டுக்கு அருகில் எந்த மருத்துவமனை அந்த அட்டையை ஏற்கிறது என்று கேட்டு வைக்க வேண்டும். மத்தியத் திட்டத்துக்கு 14555, மாநிலத் திட்டத்துக்கு 1800 425 3993 ஆகிய இலவச எண்கள் உள்ளன. மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு இந்த இரு திட்டங்களும் உதவா. அதற்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையமும், 2021 முதல் நடைபெறும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமுமே துணை.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அறுபது வயதானவரை மூத்த குடிமகன் என்கிறது. காப்பீடோ எழுபதில்தான் அனைவருக்குமானதாகிறது. ஏழையும் அல்லாத, அரசு ஓய்வூதியமும் இல்லாத நடுத்தரக் குடும்பத்தவருக்கு இடைப்பட்ட பத்தாண்டுகள் தனியார் காப்பீட்டை நம்பியவை. அதில் முன்பே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். ஆகவே மகனின் நிறுவனக் காப்பீடு நடப்பில் இருக்கும்போதே பெற்றோர் பெயரில் தனிக் காப்பீடு எடுப்பதுதான் அறிவுடைமை. வயது வரம்பை அறுபதாகக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கையை அரசுகள் பரிசீலிக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

வரும் ஞாயிற்றுக்கிழமை பெற்றோருடன் அமர்ந்து அவர்களது ஆதார், குடும்ப அட்டை, ஓய்வூதிய ஆவணங்களை எடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் போதும். மருத்துவமனை வாசலில் செய்ய வேண்டிய வேலை அன்று அது.