துரை மடுவத்திலிருந்து பெற்றோர் சங்கம் வரை: ஓப்பநாயக்க வட்டாரத் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள்

பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை போகும் வழியில் இருக்கிறது ஓப்பநாயக்க. ஒரு பக்கம் இறப்பர், ஒரு பக்கம் தேயிலை, இடையிடையே மாணிக்கக் குழிகள். 1912இல் இரத்தினபுரியைத் தொட்ட களனிப் பள்ளத்தாக்குச் சிறுபாதை ரயில் பின்னர் ஓப்பநாயக்க வரை நீண்டது. 1970களில் அந்தப் பாதை மூடப்பட்டது. ரயில் போனாலும் அது ஓடிய காலத்தில் தோட்டங்களில் வேர்விட்ட பள்ளிகள் இன்றும் நடக்கின்றன.

விழா மலர் என்றால் அதிபர்களின் பட்டியலும் கட்டடங்கள் திறந்த திகதிகளும் இடம்பெறுவது வழக்கம். அவை வேண்டியவைதான். ஆனால் பள்ளியின் வரலாற்றை இன்னொரு கேள்வியை வைத்தும் எழுதலாம்: பிள்ளைகள் ஏன் படிக்கவில்லை என்று கேட்கும் அதிகாரம் அந்தந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது? நம் வட்டாரத் தோட்டப் பாடசாலைகளின் நூறாண்டுக் கதை இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

துரை கையில் பள்ளி

தோட்டங்களில் முதலில் இருந்தவை கங்காணிமாரின் தயவில் நடந்த வகுப்புகள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கோயில் மண்டபத்திலோ லயத்து வாசலிலோ பிள்ளைகளை உட்காரவைத்து அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பார். அரசாங்கம் இந்தப் பக்கம் பார்வையைத் திருப்பியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1904இல் பரோஸ் என்பவர் தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றி அறிக்கை கொடுத்தார். 1905இல் வேஸ் ஆணைக்குழு அமைந்தது. 1907இல் கிராமியப் பாடசாலைகள் சட்டம் வந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குப் பள்ளியறையும் ஆசிரியரும் கொடுக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் சுமத்தியது.

ஆக, பள்ளியின் நிர்வாகி தோட்டத்துரைதான். ஆசிரியரை வேலைக்கு வைத்தவரும் அவரே, சம்பளம் கொடுத்தவரும் அவரே. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அதே ஆசிரியர் கோயில் திருவிழாவுக்கும் பொறுப்பு, ஊருக்குக் கடிதம் எழுதுவதற்கும் பொறுப்பு. வெளியாள் என்று அந்தப் பள்ளிக்குள் கால்வைத்தவர் அரசாங்கப் பரிசோதகர் ஒருவரே. வரவைப் பார்த்து, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி, மானியத்துக்கு அவர் எழுதிப்போவார். அவருடைய அறிக்கை துரையின் மேசைக்கும் திணைக்களத்துக்கும் போகும். பிள்ளையைப் பெற்றவருக்கு அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரிய வழியே இல்லை. பிள்ளை மலைக்குப் போவதா, பள்ளிக்குப் போவதா என்பதைத் தீர்மானித்ததும் பெரும்பாலும் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களந்தான்.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. நாட்டுக்கே திருப்பமான அந்த மாற்றத்தின் பயன் தோட்டத்து எல்லையைத் தாண்டி உள்ளே வர வெகுகாலம் பிடித்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்டத்தோடேயே விடப்பட்டன. குடியுரிமை பறிபோன சமூகம், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் யார் இருப்பார், யார் போவார் என்று தெரியாமல் தவித்த சமூகம், பள்ளி நிர்வாகத்தில் தன் இடத்தைக் கேட்க முடியாத நிலையில் இருந்தது.

அரசு கையேற்ற பின்

1972, 1975ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977க்குப் பிறகு தோட்டப் பள்ளிகளும் கட்டங்கட்டமாகக் கல்வி அமைச்சின் கீழ் வந்தன. அதே ஆண்டுகளில்தான் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் 1977, 1981, 1983 வன்செயல்களைச் சந்தித்தன. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. ஒரு லயம் காலியானால் பள்ளியின் வரவு இடாப்பும் மெலியும். அரசுப் பாடசாலை என்ற பெயர்ப்பலகை ஏறிய காலமும் பிள்ளைகளின் பெயர்கள் இடாப்பிலிருந்து குறைந்த காலமும் இங்கே ஒன்றாக அமைந்துவிட்டன.

1980களின் பிற்பாதியில் சுவீடன் நாட்டின் சீடா நிறுவன உதவியுடன் தோட்டப் பாடசாலைகளுக்கான அபிவிருத்தித் திட்டம் நடந்தது. புதிய கட்டடங்கள் எழுந்தன, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தார்கள். பின்னர் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகப் பிள்ளைகளையே ஆசிரியர்களாக்கி அனுப்பத் தொடங்கியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் மாகாண சபைகள் அமைந்தபோது நம் பாடசாலைகள் சப்ரகமுவ மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வந்தன. துரை இருந்த இடத்தில் இப்போது வலயக் கல்விப் பணிப்பாளரும் கோட்டக் கல்விப் பணிப்பாளரும் இருந்தார்கள். பெற்றோரின் இடம் மட்டும் அப்போதும் வாசலில்தான்.

சங்கமும் குழுவும்

பெற்றோர் உள்ளே வந்தது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வழியாக. ஊர்ப் பேச்சில் எஸ்.டி.எஸ். பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் சேர்ந்த சங்கம் அது. அதிபர் பதவிவழித் தலைவர். 1993ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் பாடசாலை அபிவிருத்திச் சபைகளை அமைத்து இந்தப் பங்கேற்புக்குச் சட்ட வலு கொடுக்கப் பார்த்தது. அந்தச் சபைகள் நெடுநாள் நிலைக்கவில்லை. 2006இல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் வந்தது. ஒவ்வொரு பாடசாலையிலும் அபிவிருத்திக் குழு அமைந்து, தானே திட்டம் தீட்டி, கிடைக்கும் பணத்தைத் தன் தேவைக்குத் தக்கபடி செலவிடலாம் என்றானது. ஐந்தாண்டுத் திட்டம், வருடாந்த அமுலாக்கல் திட்டம் என்ற சொற்கள் தோட்டப் பள்ளிக் கூட்டங்களிலும் ஒலிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

சங்கம் என்ன செய்தது என்று கேட்டால் நம் வட்டாரத்தில் யாரும் விரல்விட்டுச் சொல்வார்கள். சிரமதானம், வேலி, குடிநீர்க் குழாய், கழிவறைக் கதவு, விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம், சரஸ்வதி பூசைக்கு அவலும் கடலையும். கட்டட வேலைக்கு மணலும் கல்லும் தோளில் சுமந்து ஏற்றிய தகப்பன்மாரை இந்த மலர் நன்றியோடு நினைக்கவேண்டும். ஆனால் சங்கத்தின் வேலை இதோடு முடிந்துவிட்டதாக நாமும் நம்பினோம், பாடசாலையும் நம்பியது. குறை அங்கேதான்.

மேற்பார்வை நாள்

வெளிவாரி மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று தகவல் வந்த கிழமையில் எந்தப் பாடசாலையும் ஒரு மாதிரித்தான் இருக்கும். வாசலில் கோலம், சுவரில் புதுச் சுண்ணாம்பு, வகுப்பில் நேற்று ஒட்டிய படங்கள். ஆசிரியர் மேசையில் பாடக்குறிப்பு, அதிபர் மேசையில் சம்பவத் திரட்டுப் புத்தகமும் வரவு இடாப்பும் கணக்குப் புத்தகமும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அமைச்சின் தர உறுதிப்பாட்டு முறை பாடசாலையை எட்டுத் துறைகளில் அளக்கிறது: மாணவர் அடைவு, கற்றல் கற்பித்தலும் கணிப்பீடும், கலைத்திட்ட முகாமை, இணைப்பாட விதானச் செயற்பாடுகள், மாணவர் நலன், தலைமைத்துவமும் முகாமையும், பௌதிக வள முகாமை, பாடசாலையும் சமூகமும்.

எட்டாவது துறையே பெற்றோரைப் பற்றியது. அதற்கும் புள்ளி உண்டு. ஆனால் அந்தப் புள்ளியைப் பெற்றவர்கள் அதைப் பார்ப்பது அரிது. குழு போகும், அறிக்கை வரும், கோப்பில் ஏறும். சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்படுவது கடந்த கூட்ட அறிக்கையும் வரவு செலவுமே. சுற்றறிக்கை முதலில் சிங்களத்தில் வந்து, தமிழ்ப் பிரதி பிறகு சேரும் இடங்களில் இந்த இடைவெளி இன்னும் அகலம். தோட்டப் பாடசாலைகளுக்காகச் சேர்க்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களில் நம் பாடசாலைக்கு எத்தனை பேர், எந்தப் பாடத்துக்கு என்று சங்கம் கேட்டிருக்க வேண்டிய காலத்தில் நாம் மேடைக்கு எந்தக் கூடாரம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மற்ற ஊர்களில்

இங்கிலாந்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆளுநர் குழு உண்டு. 1988ஆம் ஆண்டின் சட்டம் வரவு செலவை அந்தக் குழுக்களின் கையில் கொடுத்தது. 1992இல் ஆப்ஸ்டெட் என்ற பரிசோதனை அமைப்பு வந்தது. அதன் அறிக்கையை எந்தப் பெற்றோரும் படிக்கலாம். குழுவின் தலைவர் பள்ளியில் வேலை செய்பவராக இருக்கமுடியாது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்கள் மறுசீரமைக்கப்பட்டன. அங்கே தலைமை பெற்றோருக்கு.

நம் முறையில் தலைமை அதிபருக்கு. இதில் நல்லதும் உண்டு. ஓர் அதிபரும் இரண்டொரு ஆசிரியரும் தாங்கும் சிறிய பாடசாலையில் எல்லாவற்றையும் இழுத்துச் செய்பவர் அதிபர்தான். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவரே கூட்டத்தை நடத்துபவராகவும் இருந்தால் கேள்வி மெல்லவே எழும். சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நல்ல அதிபர் கேள்வியை வரவேற்பார். அப்படிப்பட்டவர்களும் இங்கே இருந்திருக்கிறார்கள்.

அரைப் பேரும் ஒரு கூட்டமும்

பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை என்பது நெடுங்காலப் புகார். கூட்டம் காலை பத்து மணிக்கு வைத்தால் கொழுந்துக்குப் போகும் தாய்க்கு அரைப் பேரு, அதாவது அரை நாள் சம்பளம், போகும். பால் வெட்டும் தகப்பனுக்கு மழை விட்ட நாள்தான் வேலை நாள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல்தான், அதுவும் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. நாட்சம்பளத்தில் பாதியை விட்டுவிட்டு வந்த தாய்க்கு, நிதி சேர்ப்பு அறிவித்தல் மட்டும் கிடைத்தால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். மகள் எந்த எழுத்தில் தடுமாறுகிறாள் என்று வகுப்பாசிரியர் எடுத்துக் காட்டினால் கட்டாயம் வருவார்.

கொள்கைகள் இனியும் மாறும். கட்டாயக் கல்வி வயது 1998இல் பதினான்கு வரை ஆனது, 2016இல் பதினாறு வரை உயர்ந்தது. 2025இல் மீண்டும் பெரிய கல்விச் சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. துரைமார் போனார்கள், பணிப்பாளர்கள் மாறினார்கள், அதிபர்கள் இடமாற்றமாகிப் போவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாடசாலையோடு இருப்பது லயத்துக் குடும்பங்களே. ஆகவே அதைக் கேள்வி கேட்கும் பொறுப்பும் அவர்களுடையதே.

இந்த விழாவையொட்டி நம் சங்கங்கள் மூன்று முடிவுகள் எடுக்கட்டும். கூட்டத்தைச் சம்பளம் போகாத நேரத்தில் வைப்போம். மதிப்பீட்டு அறிக்கையைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கிக் கூட்டத்தில் வாசிப்போம். ஐந்தாம் தரத்திலும் சாதாரண தரத்திலும் எத்தனை பிள்ளைகள் இடையில் நின்றார்கள் என்பதை ஆண்டுதோறும் நிர்வாகத்தோடு சேர்ந்து கணக்கெடுப்போம். பழைய மாணவர்களே, நன்கொடைப் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பது மகிழ்ச்சி. அடுத்த பொதுக்கூட்டத்தின் வருகைப் பதிவிலும் அது இருக்கவேண்டும்.