டெங்கு அதிர்ச்சிநிலைச் சிகிச்சையின் வரலாறு

டெங்கு நீண்டகாலம் உயிருக்கு ஆபத்தில்லாத காய்ச்சலாகவே கருதப்பட்டது. எலும்பு முறிவதைப் போன்ற வலி, ஒரு வாரக் காய்ச்சல், பின் குணம் என்பதே மருத்துவர்கள் அறிந்த டெங்கு. 1927–28இல் கிரேக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இதனால் இறந்தது ஒரு விதிவிலக்காகப் பார்க்கப்பட்டது.

இந்த எண்ணத்தை மணிலாவும் பாங்காக்கும் மாற்றின. 1950களின் நடுவில் மணிலாவில் குழந்தைகள் காய்ச்சலோடு இரத்தக்கசிவும் அதிர்ச்சிநிலையும் கண்டு இறந்தனர். புதிய நோய் என்று எண்ணி அதற்குப் பிலிப்பைன்ஸ் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயரிட்டனர். 1956இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் வில்லியம் ஹாம்மன் அக்குழந்தைகளின் இரத்தத்திலிருந்து டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்தார். அதுவரை அறியப்பட்டிருந்த இரு வகைகளுடன் மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தன. 1958இல் அதே நோய் பாங்காக்கில் பெருமளவில் பரவியது. மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு மேல் இறந்தனர்.

நோயின் பெயரே மருத்துவர்களைத் திசைதிருப்பியது எனலாம். இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றதும் கவனம் முழுவதும் இரத்தப்போக்கின்மேல் சென்றது. பெரும்பாலான குழந்தைகளின் உயிரைப் பறித்ததோ வெளியே தெரியாத வேறொரு கசிவு. இரத்த நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, பிளாஸ்மா எனப்படும் இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் கசிந்து தேங்குகிறது. சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே நிற்பதால் எஞ்சிய இரத்தம் கெட்டியாகிறது. உறுப்புகளுக்குப் போகும் ஓட்டம் குறைகிறது.

பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சுசித்ரா நிம்மானித்யா இதைப் படுக்கையருகிலேயே பின்தொடர்ந்து பதிவு செய்தார். நோயை அவர் நான்கு படிநிலைகளாகப் பிரித்தார். உலக சுகாதார நிறுவனம் 1975இல் வெளியிட்ட வழிகாட்டிக்கு அந்தப் பாங்காக் அனுபவமே அடித்தளம். அவர் முறைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. விரல்நுனியில் எடுத்த சில துளி இரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் இட்டுச் சுழற்றினால், சிவப்பணுக்கள் எவ்வளவு பங்கு என்பது சில நிமிடங்களில் தெரியும். இதுவே ஹீமட்டோக்ரிட். அது வழக்கத்தைவிட 20 விழுக்காடு ஏறி, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் கசிவு நடக்கிறது என்று கொள்ளலாம்.

இந்நோயின் வஞ்சகம் அது வரும் நேரத்தில் இருக்கிறது. கசிவு உச்சம் அடைவது காய்ச்சல் இறங்கும் வேளையில். பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டதும் குணமாகிவிட்டது என்று வீட்டார் நிம்மதியடைகின்றனர். அதிர்ச்சிநிலையின் தொடக்கத்திலும் குழந்தை பேசிக்கொண்டிருக்கும்; மேல் இரத்த அழுத்தமும் பெரும்பாலும் குறையாது. கீழ் அழுத்தம் உயர்ந்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20 மி.மீ. அல்லது அதற்கும் கீழே குறுகுவதே முதல் அடையாளம். கைகால்கள் குளிர்கின்றன. அழுத்தம் முழுதாக விழும்போது மீட்பது கடினமாகிவிடுகிறது.

சிகிச்சை, சிரை வழியே செலுத்தும் உப்புநீர்தான். கடினம் அதன் அளவில் உள்ளது. கசிவு 24 முதல் 48 மணி நேரமே நீடிக்கும். பிறகு வெளியேறிய திரவம் தானாக இரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். குறைவாகக் கொடுத்தால் அதிர்ச்சி, கூடுதலாகக் கொடுத்தால் திணறல். ஆகவே நாடி, அழுத்தம், சிறுநீர் அளவு, ஹீமட்டோக்ரிட் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து வேகத்தை மாற்ற வேண்டியிருந்தது. உண்மையில் இது இரவு முழுவதும் விழித்திருக்கும் செவிலியரின் வேலை.

எந்தத் திரவம் சிறந்தது என்ற விவாதத்துக்கு வியட்நாமில் விடை தேடப்பட்டது. 2005இல் வெளியான ஹோ சி மின் நகர ஆய்வில் அதிர்ச்சிநிலைக் குழந்தைகள் 512 பேர் இடம்பெற்றனர். நடுத்தர அதிர்ச்சிநிலையில், விலை மலிந்த ரிங்கர் லாக்டேட் கரைசல் விலையுயர்ந்த திரவங்களுக்கு ஈடாகவே வேலை செய்தது. 512 பேரில் இறந்தது ஒரே ஒரு குழந்தை. தட்டணு ஏற்றுவது பற்றிய நம்பிக்கையும் இப்படியே சோதிக்கப்பட்டது. சிங்கப்பூர், மலேசியா நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, முன்கூட்டியே தட்டணு ஏற்றுவது இரத்தப்போக்கைத் தடுக்கவில்லை என்று காட்டியது. எண்ணிக்கை குறைந்ததும் தட்டணு கேட்டு அலையும் வழக்கம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

பாங்காக் முறை இலங்கைக்கும் சென்றது. அங்கு 2009இல் 35,000 பேர் அளவில் நோயுற்று 346 பேர் இறந்தனர். அதன்பின் இலங்கை மருத்துவர்கள் தாய்லாந்தில் பயிற்சி பெற்றனர். தேசிய வழிகாட்டிகள் எழுதப்பட்டன. கசிவுக் கட்டத்தில் உள்ளவர்களைத் தனியே கண்காணிக்கும் பிரிவுகள் வந்தன. 2017இல் நோயுற்றோர் 1,86,000ஐ எட்டினர். இறந்தோர் 400க்குச் சற்று மேல். லேசான நோயாளிகளும் கூடுதலாகப் பதிவானது இந்த விகிதம் குறைந்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நோய் ஐந்து மடங்கு பெருகியபோது இறப்பும் அப்படிப் பெருகவில்லை.