வங்கியோடு தகராறா? சம்பளத்துக்கு இன்னொரு கணக்கு தொடங்குங்க

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் பலருக்குச் சம்பளம் வருவதே ஒரு கணக்கில்தான். வங்கியோடு தகராறு வந்து அது முடங்கிவிட்டால், வீட்டுச் செலவுக்கு என்ன செய்வீங்க?

முதலில் வேறொரு வங்கியில் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்க. மைகார்டை எடுத்துட்டுப் போங்க. முதல் வைப்புக்கு 20 ரிங்கிட் போதும். அதே வங்கியின் வேறு கிளை உதவாது. அங்கே உங்களுக்குக் கடன் பாக்கி இருந்தால், சேமிப்பிலிருந்து கழித்துக்கொள்ள ஒப்பந்தமே பெரும்பாலும் வங்கிக்கு உரிமை தருகிறது.

அடுத்து, புதிய கணக்கு எண்ணைத் தோட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்க. சம்பளக் கணக்கு முடிக்கும் முன்பே கொடுப்பது நல்லது.

பழைய கணக்கை உடனே மூடாதீங்க. அதன் அறிக்கைகள்தான் உங்கள் சாட்சி. கடன் தவணையையும் நிறுத்தாதீங்க. நிலுவை வைத்தால் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் ஏறிவிடும்.

புகாரை வங்கியிடம் எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்குங்க. 60 நாளில் பதில் இல்லையென்றால், நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் போகலாம். வங்கியின் இறுதி முடிவு திருப்தி இல்லையென்றால், 6 மாதத்துக்குள் போகணும். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. பேங்க் நெகாராவிடம் விசாரிக்க 1-300-88-5465. மோசடியில் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 997-ஐ அழைங்க.

ஒன்று மட்டும் மறக்காதீங்க: புதிய ஏடிஎம் அட்டையை நண்பருக்குக்கூட இரவல் கொடுக்கக் கூடாது. அதில் மோசடிப் பணம் புழங்கினால், போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்.