வீட்டுக் கணினியைத் தூரத்திலிருந்து இயக்க எந்த ஏற்பாடு நல்லது?



தம்மாமில் இருக்கும் வாப்பா, ஊரில் பிள்ளைகள் படிக்கும் கணினியை அங்கிருந்தே சரிசெய்துகொடுக்க விரும்புகிறார். சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு, வீட்டுக் கணினியில் விட்டுவந்த கோப்பு அவசரமாகத் தேவைப்படுகிறது. இருவருமே "ஹஜ்ரத், எந்தச் செயலியைப் போடலாம்?" என்றுதான் நம்மிடம் கேட்கிறார்கள். ஆனால் இருவரின் தேவையும் ஒன்றல்ல.

வாப்பாவின் விஷயத்தில் கணினிக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதித்த பிறகே உள்ளே போக முடியும். மகனின் விஷயத்தில் அங்கே யாரும் இருக்க வேண்டியதில்லை. கடவுச்சொல் இருந்தால் நள்ளிரவிலும் நுழையலாம். செயலியின் பெயரைப் பார்ப்பதற்கு முன், இந்த இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லி நுழையும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 24:27). அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. இன்று குடும்பப் புகைப்படங்களும், பெண்களின் உரையாடல்களும், வங்கிக் கணக்கும் அந்தத் திரைக்குள்தான் இருக்கின்றன. ஆகவே வீட்டில் பலரும் பயன்படுத்தும் கணினிக்கு, ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும் ஏற்பாடே பொருத்தம் என்பது நமது கருத்து. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினிக்கு மற்றதை வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கு மைக்ரோசாஃப்டின் 'குயிக் அசிஸ்ட்' இருக்கிறது. உதவி செய்பவர் தமது கணக்கில் நுழைந்து ஒரு குறியீட்டைத் தருவார். வீட்டில் இருப்பவர் அதைப் பதிந்து சம்மதிக்க வேண்டும். 'குரோம் ரிமோட் டெஸ்க்டாப்' இலவசம். இதில் இரண்டு வகையும் உண்டு. உதவிக்கான குறியீடு ஒருமுறைக்கு மட்டுமே செல்லும். நிரந்தர அணுகலுக்குக் குறைந்தது 6 இலக்க பின் எண் வைக்க வேண்டும். அந்த கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். விண்டோஸின் சொந்த 'ரிமோட் டெஸ்க்டாப்' வசதியோ ஹோம் பதிப்புக் கணினியை வெளியிலிருந்து இயக்க உதவாது. ப்ரோ பதிப்பு வேண்டும். அதற்காக ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள். அது தெருக்கதவைத் திறந்துபோட்டு உறங்குவதற்குச் சமம்.

எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் இலவசம். கடைக் கணக்கு பார்க்க அதே இலவசப் பதிப்பைப் பயன்படுத்துவது ஒப்பந்த மீறல். வியாபாரிகள் இதை அற்பமாக நினைக்கக் கூடாது.

மகன் எதைப் பார்க்கிறான் என்று அவனுக்குத் தெரியாமல் கவனிக்க வழி கேட்கும் தந்தையரும் உண்டு. அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் துருவித் துருவி ஆராய்வது தடுக்கப்பட்டிருக்கிறது (49:12). "நான் அவ்வப்போது பார்ப்பேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள். கணினியைக் கூடத்தில் வையுங்கள். அனுமதி பெற்று உள்ளே வந்தவர் நினைத்தால் கேமராவையும் திறந்துவிடலாம் என்பதால், வேலையில்லாத நேரத்தில் அதை மூடி வைப்பது நல்லது.

பெரிய ஆபத்து வெளியிலிருந்துதான் வருகிறது. "வங்கியிலிருந்து பேசுகிறோம், கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது, இந்தச் செயலியைப் போட்டு எண்ணைச் சொல்லுங்கள்" என்பார்கள். அந்த எண்ணைச் சொன்னால் திரையே அவர்கள் கையில். எனிடெஸ்க் வழியாக நடக்கும் இத்தகைய மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. எந்த வங்கியும் இப்படிக் கேட்காது என்பதை உம்மாமாரிடமும் பெரியம்மாமாரிடமும் சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே இணையத்தைத் துண்டித்து, வங்கிக்கும் 1930 எண்ணுக்கும் பேச வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் பணத்தை மீட்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

மகனைப் போல ஆளில்லாத கணினியில் நுழைபவர்களுக்கு ஒரு சிறு விஷயம். கணினி உறக்கநிலைக்குப் போய்விட்டால் இணைப்பு கிடைக்காது. ஊருக்குப் புறப்படும் முன் அந்த அமைப்பை நிறுத்திவிடுங்கள். கரண்ட் போய் வந்ததும் தானாக இயங்கும் வசதி பெரும்பாலான மேசைக் கணினிகளின் பயாஸில் இருக்கும். அதையும் அப்போதே போட்டு, மெயின் சுவிட்சை அணைத்து ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுங்கள்.