கைபாப் மலையில் ஒரு அப்பாவும் இரண்டு பிள்ளைகளும்

1913 ஜூலை மாதம். அமெரிக்காவின் அரிசோனாவில், கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பிலிருந்து ஒரு சின்னக் கூட்டம் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. அதில் கண்ணாடி போட்ட ஒருவருக்கு வயது 54. அவருடைய நெஞ்சுக்குள் ஒரு துப்பாக்கிக் குண்டு அப்படியே இருக்கிறது. ஒன்பது மாதத்துக்கு முன் மில்வாக்கியில் தேர்தல் பிரச்சாரத்தின்போது ஒருவன் சுட்ட குண்டு. டாக்டர்கள் அதை எடுக்காமலே விட்டுவிட்டார்கள். அந்தத் தேர்தலிலும் அவர் தோற்றுப்போனார்.

அவர்தான் தியோடர் ரூஸ்வெல்ட், முன்னாள் ஜனாதிபதி. கூட வந்தவர்கள் 19 வயது ஆர்ச்சி, 15 வயது குவென்டின் என்ற இரண்டு மகன்களும், உறவுக்காரப் பையன் நிக்கோலஸும். மூத்தவர்களில் ஒருவனான கெர்மிட் அப்போது பிரேசிலில் இருந்தான். 1909-ல் அப்பாவோடு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனவன் அவன். அந்தப் பயணத்தில் அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து சுட்ட மிருகங்கள் 512. இந்த முறை இளையவர்களின் முறை.

இந்தப் பயணம் பற்றி முதல்முறை படித்தபோது அப்பா பிள்ளைகளை வேட்டைக்குக் கூட்டிப்போன சாதாரணக் கதை என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் தோண்டியதும் விஷயம் வேற மாதிரி ஆயிடுச்சு.

கேன்யனின் ஆழம் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர். கீழே கொலராடோ ஆறு. அப்போது அங்கே பாலம் கிடையாது. கம்பி வடத்தில் தொங்கும் ஒரு கூண்டில் ஏறித்தான் அக்கரைக்குப் போகணும். அக்கரையில் மலை ஏறினால் வடக்கு விளிம்பு, அதன் பின்னால் கைபாப் பீடபூமி. 2,400 மீட்டருக்கு மேலே பைன் மரக் காடு. கோடையிலும் இரவில் குளிரும்.

அவர்கள் தேடிப்போனது பூமா. அந்த ஊர்க்காரர்கள் மலைச் சிங்கம் என்பார்கள். வழிகாட்டி ஜிம் ஓவன்ஸ், எல்லோருக்கும் 'அங்கிள் ஜிம்'. அந்தக் காட்டின் காவலரும் அவரே. வேட்டை முறை எளிமையானது. நாய்கள் மோப்பம் பிடித்துத் துரத்தும். பூமா மரத்திலோ பாறை விளிம்பிலோ ஏறிக்கொள்ளும். குதிரையில் வருகிறவர்கள் அங்கே போய்ச் சுடுவார்கள். மலைச் சரிவில் நாய்ச் சத்தத்தைத் தொடர்ந்து குதிரை ஓட்டுவதுதான் சிரமம், சுடுவது அல்ல.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். அந்தக் காட்டைச் சரணாலயம் ஆக்கியதே ரூஸ்வெல்ட்தான். 1906 நவம்பர் 28-ல் கிராண்ட் கேன்யன் வனவிலங்குக் காப்பகத்தை அறிவித்தார். 1908-ல் கேன்யனைத் தேசிய நினைவுச்சின்னம் ஆக்கினார். காப்பகத்தில் மான் சுடத் தடை. ஆனால் பூமா சுடலாம். சுடணும்னே சொன்னாங்க, ஏன்னா பூமா மானைத் தின்னும். அதைக் குறைத்தால் மான் பெருகும் என்ற கணக்கு. ஓவன்ஸ் நூற்றுக்கணக்கில் கொன்றிருந்தார். அரசு வேட்டைக்காரர்களும் கொன்றார்கள்.

அதனால் அன்று அந்தத் தகப்பன் பிள்ளைகளுக்குக் காட்டியது வீரத்தை மட்டும் அல்ல. 'காட்டைக் காப்பாற்றுவது இப்படித்தான்' என்பதையும் சேர்த்தே காட்டினார். மனசாரத்தான் காட்டினார்.

மான் பெருகியது. 1906-ல் சுமார் 4,000 என்ற மதிப்பீடு, 1924 வாக்கில் 30,000 என்றும் 1,00,000 என்றும் ஆளுக்கொன்றாக ஆனது. சரியாக எண்ணியவர் யாருமில்லை. ஆனால் தின்னத் தழை இல்லாமல் மான்கள் குளிர்காலத்தில் செத்து விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். 1924 டிசம்பரில் மணி அடித்து, குதிரையிலும் நடந்தும் விரட்டி, மான்களைக் கேன்யன் வழியாகத் தெற்கே ஓட்டிப்போக ஒரு முயற்சி நடந்தது. பனிப்புயல் வந்தது. ஒரு மான்கூட அக்கரை போய்ச் சேரவில்லை.

ஆல்டோ லியோபோல்ட் என்ற வனத்துறைக்காரர் கைபாபை வேட்டை விலங்குகளை ஒழித்ததன் பாடமாக எழுதினார். அது பாடப்புத்தகங்களில் ஏறியது. 1970-ல் கிரேம் காக்லி என்ற சூழலியலாளர் அந்த எண்களை நம்ப முடியாது, ஆடுமாடு மேய்ச்சல் குறைந்ததும் காரணமாக இருக்கலாம் என்றார். பாடப்புத்தகத்திலிருந்து கதை மெல்ல நழுவியது. 2006-ல் ஆஸ்பென் மரங்களின் வயதை ஆராய்ந்தவர்கள், 1920-களில் இளங்கன்றுகள் மிகக் குறைவாகவே வளர்ந்து வந்திருப்பதைக் கண்டு, லியோபோல்ட் சொன்னதில் விஷயம் இருக்கு என்றார்கள். அதாவது காரணம் ஒன்றா பலவா என்று வாதாடலாம். மான் காட்டைத் தின்றது என்பதை மரங்களே பதிவு செய்து வைத்திருக்கின்றன.

ரூஸ்வெல்ட் இதில் எதையும் பார்க்கவில்லை. அந்தக் கோடையில் வேட்டை முடிந்ததும் பிள்ளைகளோடு நவஹோ பாலைவனம் கடந்து ஹோப்பி மக்களின் பாம்பு நடனம் பார்க்கப் போனார். அக்டோபரில் தென் அமெரிக்கா கிளம்பிவிட்டார். 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது தானே ஒரு படை திரட்டிப் போக அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. நான்கு மகன்களும் போனார்கள். 1918 மார்ச்சில் ஆர்ச்சி பிரான்சில் படுகாயம் அடைந்தான். ஜூலை 14 அன்று விமானி குவென்டின் சுட்டு வீழ்த்தப்பட்டான். வயது 20. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1919 ஜனவரி 6-ல் அப்பாவும் போய்விட்டார்.

நானும் ஒரு அப்பாங்கிறதால இங்கேதான் ரொம்ப நேரம் நின்றேன். ரூஸ்வெல்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. அவர் காலத்தில் அறிவியல் தெரிந்தவர்களும் பூமா விஷயத்தில் அதையே நம்பினார்கள். பயமில்லாமல் வளருங்கள் என்று சொன்னதும் அன்பில்தான். நம்ம பிள்ளைகளுக்கு நாம் முழு நம்பிக்கையோடு கற்றுத்தருவதில் எது சரி, எது தப்பு என்பது பெரும்பாலும் நாம் இல்லாத காலத்தில்தான் தெரியவரும். அதற்காகக் கூட்டிப்போகாமல் இருக்க முடியுமா?

இன்றைக்கு கேன்யனின் அடியில், அவர்கள் வழியில் தங்கிய பிரைட் ஏஞ்சல் ஓடைக்கரையில், 1922-ல் கட்டிய ஃபேன்டம் ராஞ்ச் விடுதி இருக்கிறது. அதற்கு முன் அங்கிருந்த முகாமுக்கு, இந்தப் பயணத்துக்குப் பிறகு வைத்த பெயர் ரூஸ்வெல்ட் கேம்ப். மேலே கைபாபில் இப்போதும் மான் இருக்கு. பூமாவும் இருக்கு.