பாஸ்கரன், வாசுதேவன்

1950-இல் பிறந்த தமிழகத்து ஹாக்கி வீரர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன். சென்னை லயோலா கல்லூரி மாணவர். ஹாஃப்-பேக் ஆட்டக்காரர். 1973 ஆம்ஸ்டர்டாம் உலகக் கோப்பையிலும், 1974, 1978 ஆசிய விளையாட்டுகளிலும் வெள்ளி. செயற்கைப் புல்தரையில் நடந்த 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஏழாம் இடமே கிடைத்தது.

ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் எழுந்த மாஸ்கோ ஒலிம்பிக் புறக்கணிப்பில் பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து வரவில்லை. களத்தில் ஆறே அணிகள். அதனால் அந்தத் தங்கத்தைச் சற்றுக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. இறுதி ஆட்டத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. 3-0 என முன்னிலையில் இருந்த இந்தியாவை ஸ்பெயின் விடாமல் துரத்தியது. ஹுவான் அமாத் மட்டும் மூன்று கோல் போட்டார். முகமது ஷாகித் அடித்த நான்காவது கோல்தான் காப்பாற்றியது: 4-3.

அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீயும் பெற்றார். பின்னர் பயிற்சியாளராக 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கும் 2006 உலகக் கோப்பைக்கும் அணியை அழைத்துச் சென்றார். இரண்டிலும் பதக்கம் இல்லை.