கச்சானும் பத்தாண்டுத் தவறும்

யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்குப் பயணமாகிறவர்களின் பைகளில் ஒடியல்மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள் ஆகியவற்றோடு கச்சான் பொட்டலம் ஒன்றும் இருப்பது வழக்கம். எனது பையில் மட்டும் அது இருப்பதில்லை. அங்கு வாழும் என் தங்கையின் மூத்த மகனுக்குக் கச்சான் ஒவ்வாது. இன்று பல்கலைக்கழக மாணவனாக இருக்கும் அவன், நான்கு வயதில் பிறந்தநாள் விழாவொன்றில் கேக் துண்டொன்றை உண்டு, முகம் வீங்கி, மூச்சுத் திணறி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டான். அன்று முதல் அட்ரினலின் ஊசி அவனைப் பிரிந்ததில்லை. (தமிழக வாசகர்களின் நிலக்கடலையே எங்களின் கச்சான்.)

கடந்த ஆண்டு நான் அங்கு சென்றிருந்தபோது, தங்கை பழைய கடிதக்கட்டு ஒன்றிலிருந்து மஞ்சள் படிந்த பத்திரிகை நறுக்கொன்றை எடுத்துத் தந்தாள். நான் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், வெளிநாட்டுச் செய்தியொன்றைத் தமிழாக்கி மருத்துவப் பக்கத்தில் வெளியிட்ட துணுக்கு அது. ஒவ்வாமை உள்ள குடும்பங்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை கச்சான் கொடுக்கலாகாது என்பது அதன் சாரம். அவள் கருவுற்றிருந்த வேளையில் நானேதான் அதைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தேன்.

"அண்ணா, நீங்கள் எழுதினதைத்தான் நான் செய்தனான். டொக்டரும் அதைத்தான் சொன்னவர். பிறகேன் இவனுக்கு வந்தது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேட முற்பட்டபோது, ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறொன்றுக்குள் புக வேண்டியதாயிற்று.

1901ஆம் ஆண்டு மொனாக்கோ இளவரசர் முதலாம் அல்பேர்ட்டின் ஆய்வுக் கப்பலில் பிரெஞ்சு விஞ்ஞானிகளான சார்ள்ஸ் ரிஷேயும் போல் போர்த்தியேயும் கடல்வாழ் உயிரினங்களின் நஞ்சை ஆராய்ந்தனர். பாரிஸ் திரும்பியதும், கடற்சாமந்தியின் நஞ்சைச் சிறு அளவில் நாய்களுக்கு ஏற்றினர். தடுப்பூசி போன்று அது பாதுகாப்புத் தரும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால், சில வாரங்களின் பின்னர் அதே நஞ்சை மீண்டும் சிறிதளவு ஏற்றியபோது ஒரு நாய் அரை மணி நேரத்துக்குள் இறந்தது. பாதுகாப்புக்கு மாறானது என்ற பொருளில், 1902இல் இந்நிகழ்வுக்கு 'அனபிலக்சிஸ்' என்று பெயரிட்டனர். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே.

உணவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1921இல் ஒரு மீனால் நிறுவப்பட்டது. ஜேர்மன் மருத்துவரான ஹைன்ஸ் கூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. அவரது குருதியின் தெளிநீரைச் சக ஆய்வாளர் கார்ல் பிரவுஸ்னிற்ஸ் தமது தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்ற, அங்கு தடிப்பு எழுந்தது. ஒவ்வாமையைத் தோற்றுவிக்கும் ஏதோவொன்று குருதியில் உலவுகின்றது என்பது உறுதியாயிற்று. அது எது என்று அறிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. 1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியரான இஷிசாக்காக்களும், 1967இல் சுவீடனின் யொஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியாக அதைக் கண்டறிந்தனர். ஐ.ஜி.ஈ. எனப்படும் பிறபொருளெதிரியே அது.

இவ்வளவு காலமும் உணவு ஒவ்வாமை என்பது அரிதான ஒன்றாகவே கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான் நிலைமை மாறியது. ஐக்கிய அமெரிக்காவில் தொலைபேசி மூலம் நடத்தப்பட்ட ஆய்வுகளில், சிறுவரிடையே கச்சான் ஒவ்வாமை 1997இல் 0.4 சதவீதமாகவும், 2002இல் 0.8 சதவீதமாகவும், 2008இல் 1.4 சதவீதமாகவும் பதிவாகியது. பதினொரு ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் அதிகம். மனிதரின் மரபணு இவ்வளவு விரைவில் மாறுவதில்லை. எனவே காரணம் வாழும் முறையில்தான் இருக்க வேண்டும்.

முதலில் பலரையும் ஈர்த்தது சுகாதாரக் கருதுகோள். பிரித்தானிய ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராச்சன் 1989இல், 1958ஆம் ஆண்டின் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பேரின் தகவல்களை ஆராய்ந்து, மூத்த சகோதரர்கள் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு மகரந்தக் காய்ச்சல் குறைவாக இருப்பதைக் காட்டினார். பெரிய குடும்பத்தில் சிறு வயதிலேயே தொற்றும் கிருமிகள், உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பழக்குகின்றன என்பது அவரது விளக்கம். இக்கருத்து பின்னர் பல திருத்தங்களுக்கு உள்ளாயிற்று. எனினும் சூழல் முக்கியமானது என்பதற்குப் பின்வந்த சான்றுகளும் உண்டு. அவுஸ்திரேலியாவில் பிறந்த ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்குக் கொட்டை ஒவ்வாமை அதிகமாகவும், ஆசியாவில் பிறந்து பின்னர் அங்கு குடிபெயர்ந்தவர்களுக்குக் குறைவாகவும் இருப்பதை மெல்பேர்ன் ஆய்வாளர்கள் கண்டனர். புலம்பெயர்ந்து வாழும் எமது சமூகமும் கவனிக்க வேண்டிய செய்தி இது.

ஒவ்வாமை பெருகியபோது மருத்துவ உலகம் எதையாவது சொல்லியே ஆக வேண்டியிருந்தது. 1998இல் பிரித்தானிய அரசின் ஆலோசனைக் குழு, ஒவ்வாமை உள்ள குடும்பங்களின் தாய்மார் கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் கச்சானைத் தவிர்க்கலாம் என்றும், பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை கொடுக்கலாகாது என்றும் கூறியது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் அவ்வாறே சொன்னது. தீங்கு செய்யும் பொருளைத் தள்ளி வைத்தால் தீங்கு வராது என்பது எவருக்கும் நியாயமாகத் தோன்றும் தர்க்கம். குறை என்னவெனில், அந்தத் தர்க்கத்தை எவரும் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

சந்தேகம் எழுப்பியவர்களில் முதன்மையானவர் இலண்டன் மருத்துவர் கிடியோன் லாக். அவரது குழுவினர் இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் சுமார் 14,000 குழந்தைகளைத் தொடர்ந்து அவதானித்து, 2003இல் ஒரு முடிவை வெளியிட்டனர். தாய் கச்சான் உண்டதற்கும் பிள்ளையின் ஒவ்வாமைக்கும் தொடர்பு காணப்படவில்லை. மாறாக, கச்சான் எண்ணெய் கலந்த களிம்பைச் சொறியுள்ள தோலில் பூசப்பெற்ற குழந்தைகளிடம் ஒவ்வாமை அதிகம் காணப்பட்டது. வாய்வழியே வரும் பொருளை உடல் உணவாக ஏற்கப் பழகுகின்றது. வெடித்த தோலின் வழியே புகும் அதே பொருளைப் பகையாகக் கொள்கின்றது என்ற விளக்கம் இவ்வாறு வலுப்பெற்றது.

லாக் ஒருமுறை இஸ்ரேலில் உரையாற்றுகையில், கச்சான் ஒவ்வாமையுள்ள பிள்ளைகளைக் கண்டிருப்போர் கை உயர்த்துமாறு அங்கிருந்த மருத்துவர்களைக் கேட்டார். மிகச் சில கைகளே உயர்ந்தன. இலண்டனிலாயின் அநேகமாக அனைவரும் கை உயர்த்தியிருப்பர். இஸ்ரேலியக் குழந்தைகள் பல் முளைக்கும் பருவத்திலேயே, சோளமும் கச்சானும் சேர்த்துச் செய்யும் 'பம்பா' என்ற தின்பண்டத்தை உண்கின்றனர். 2008இல் அவரது குழு இரு நாடுகளின் யூதப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, ஒவ்வாமை பிரித்தானியாவில் 1.85 சதவீதமாகவும் இஸ்ரேலில் 0.17 சதவீதமாகவும் இருந்தது. பத்து மடங்கு வேறுபாடு.

இறுதிச் சோதனையின் முடிவு 2015இல் வெளிவந்தது. கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஐந்து வயதுவரை கச்சானைத் தவிர்த்த பிரிவில் 17.2 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது. தொடர்ந்து உண்ட பிரிவில் 3.2 சதவீதத்தினருக்கே ஏற்பட்டது. 2017இல் அமெரிக்க வழிகாட்டல் முற்றாகத் தலைகீழாயிற்று. 2025இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அதன் பின்னர் மூன்று வயதுக்குட்பட்டோரிடையே புதிதாகக் கண்டறியப்படும் கச்சான் ஒவ்வாமை 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்துள்ளதாகத் தெரிவித்தது.

இதை வைத்து "எமது மூதாதையர் அன்றே அறிந்திருந்தனர்" என்று மார்தட்ட நான் வரவில்லை. பம்பா கொடுத்த தாய்மாரும் அதை அறிந்து கொடுக்கவில்லை. மருத்துவர்களை மட்டும் குற்றஞ்சாட்டுவதும் நேர்மையாகாது. ஆலோசனை வருமுன்னரே ஒவ்வாமை பெருகத் தொடங்கிவிட்டது. அந்த ஆலோசனை, எரிந்துகொண்டிருந்த நெருப்பில் விழுந்த மேலுமொரு விறகு. அமெரிக்கக் கழகம் 2008இலும் பிரித்தானியா 2009இலும் தமது பழைய ஆலோசனையை வெளிப்படையாக மீளப் பெற்றன.

மீளப் பெறாதவன் நான்தான். 2000ஆம் ஆண்டின் துணுக்கு மூன்று பத்தித் தலைப்போடு வெளிவந்தது. 2008ஆம் ஆண்டின் மாற்றம் எமது பத்திரிகையில் ஒரு வரியாகக்கூட வெளிவரவில்லை. போர்ச் செய்திகளால் பக்கங்கள் நிறைந்திருந்த காலம் என்பது காரணமாகலாம், நியாயமாகாது. அந்தத் துணுக்கை வெட்டி வைத்திருந்த தாய்மார் எத்தனை பேரோ!

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். தனியொரு பிள்ளைக்கு ஏன் வந்தது என்பதை எந்த ஆய்வும் சொல்லிவிட முடியாது. முன்னரே கொடுத்திருந்தாலும் வந்திருக்கலாம். ஆனால் நீ தவறு செய்யவில்லை. உனக்குச் சொல்லப்பட்டதுதான் தவறு. அவள் ஒன்றும் பேசாமல் நறுக்கை மடித்து மீண்டும் கடிதக்கட்டுக்குள் வைத்தாள்.

எனவே, இருபத்தைந்து ஆண்டுகள் பிந்திய திருத்தத்தை இங்கு பதிகின்றேன். குழந்தை திண்ம உணவு உண்ணத் தயாரானதும், ஆறு மாத அளவில், கச்சானை நன்கு அரைத்துக் கூழாக்கி உணவோடு சேர்த்துக் கொடுக்கலாம். கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தையாயின் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முழுக் கச்சானை ஐந்து வயதுக்கு முன்னர் கொடுக்கலாகாது, தொண்டையில் அடைத்துவிடும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு வீட்டில் கொடுத்துப் பார்ப்பது உயிராபத்தானது.

பழைய நறுக்கை எவரேனும் இன்னும் வைத்திருந்தால், இதையும் அதனோடு சேர்த்து வைக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.